வலிக்காத மாரடைப்பு

புதுவையிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே வருகிறவர்கள் அரியாங்குப்பத்தைக் கடந்ததும் சுண்ணாம்பாற்றங்கரையில் எதிர்ப்படும் எங்கள் நோணாங்குப்பத்தைப் படகுத்துறைக்காகவே நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கோ காலை நடையை முடித்துக்கொண்டு தேநீர்க் கடையில் கூடுகிற பெரியவர்களின் சம்பாஷணைதான் இந்த ஊர். “சுகர் எவ்வளவுண்ணே?” என்று ஒருவர் கேட்பதும், “சாப்பிடறதுக்கு முன்னே நூத்தி நாப்பது” என்று மற்றவர் சொல்வதும், இருவரும் சர்க்கரையில்லாத தேநீரோடு ஆளுக்கு இரண்டு வடையை நிர்விசாரமாக முடிப்பதும் அங்கே நித்திய காட்சி. பிரஷர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று ஒருவர் மற்றவரைக் கேட்டு நான் இதுவரை கேட்டதில்லை.

அந்தக் கூட்டத்தில் என் உறவினர் ஒருவரும் உண்டு. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை தவறாமல் விழுங்கி வந்தவர், ஒருநாள் மாலை ஆற்றுப் பாலத்தின்மேல் நடக்கையில் சட்டை நனைய வியர்த்து, மூச்சு முட்டி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். மார்பில் வலி சிறிதும் இல்லாதபடியால், “வாயுதான்” என்று தாமே தீர்ப்புச் சொல்லி, ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் எடுத்த ஈ.சி.ஜி. காட்டியது, முந்தின மாலையே மாரடைப்பு வந்து போயிருக்கிறது என்பதை.

நெடுங்காலம் ரத்தத்தில் மிகுந்து நிற்கும் சர்க்கரை, பாதத்து நரம்புகளை மரக்கச் செய்வது போலவே, இருதயத்தின் வேதனையை மூளைக்குச் சொல்லுகிற நரம்புகளையும் மழுங்கச் செய்துவிடுகிறது. முள் குத்தியது தெரியாத காலுக்கும் அடைப்பு வந்தது தெரியாத மார்புக்கும் காரணம் ஒன்றே. அதே சர்க்கரை ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்த, புண்பட்ட இடத்தில் கொழுப்பு படிய, ஏற்கெனவே உயர்ந்திருக்கும் ரத்த அழுத்தம் அதை நாள்தோறும் மோத, குழாய் குறுகுகிறது. ஆகவே சர்க்கரை நோயை இனிப்பைப் பற்றிய வியாதி என்பதைவிட ரத்தக் குழாய்களின் வியாதி என்பதே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் பிராமிங்காம் என்னும் ஊராரை 1948 முதல் தொடர்ந்து பரிசோதித்து வந்த வைத்தியர்கள், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இருதய, ரத்தக்குழாய் நோய்களின் அபாயம் இரண்டு மூன்று மடங்கு என்று 1979-இல் எழுதினார்கள். இருதய நோய் விஷயத்தில் பெண்களுக்கு இயற்கை அளித்திருக்கும் சலுகையையும் சர்க்கரை வியாதி பறித்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட மற்றொரு உண்மை. 1998-இல் பின்லாந்திலிருந்து வந்த ஆய்வோ, மாரடைப்பே கண்டிராத சர்க்கரை நோயாளியும், ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்த, சர்க்கரை நோயில்லாத மற்றவரும் ஏறக்குறைய ஒரே அபாயத்தில் நிற்கிறார்கள் என்றது. பின்வந்த ஆய்வுகள் அந்தச் சமன்பாட்டைச் சற்றுத் தளர்த்தினாலும், அதன் எச்சரிக்கை பழுதுபடவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023-இல் வெளியானபோது, தேசத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு இருந்த நீரிழிவு, புதுவையில் 26.3 பேருக்கு இருந்தது. நம்மை முந்தியது கோவா ஒன்றுதான், அதுவும் ஒரு தசமப் புள்ளியில். பிரெஞ்சுக்காரர் 1823-இல் வைத்தியப் பள்ளி திறந்த ஊர் இது. அதன் வழியில் வந்த ஜிப்மர் ஆஸ்பத்திரி இன்று பல ஜில்லாக்களின் நோயாளிகளை ஈர்க்கிறது. வைத்தியத்துக்குப் பஞ்சமில்லாத இடத்தில் நாலில் ஒருவருக்கு வியாதி என்றால், குறை நம் கவனம் சர்க்கரை என்னும் ஒரே எண்ணில் நிலைகுத்தி நிற்பதில் இருக்கிறது.

டென்மார்க்கில், சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிய 160 சர்க்கரை நோயாளிகளில் பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையும், மறுபாதிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப் பழக்கம், உணவு எல்லாவற்றையும் ஒருங்கே அடக்குகிற சிகிச்சையும் கொடுத்தார்கள். ஏறத்தாழ எட்டு வருஷத்தில் இரண்டாம் கூட்டத்தாருக்கு இருதய, ரத்தக்குழாய் நோய்களின் அபாயம் பாதியாகக் குறைந்திருந்தது. இருபது வருஷத்துக்குப் பின் பார்க்கையில் அவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ எட்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். அதற்கு வேண்டிய மாத்திரைகளில் பெரும்பாலானவை இன்று மலிவு விலைக்குக் கிடைப்பவை.

ஆகையால் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகிறவர்கள் சர்க்கரைச் சீட்டோடு திரும்பிவிடாமல், ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரில் புரதம் இவற்றையும் பார்க்கும்படி வைத்தியரைக் கேளுங்கள், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமா என்றும் விசாரியுங்கள். வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சர்க்கரைக்காரர் ஒருவர் காரணமின்றி வியர்த்து மூச்சு வாங்கினால், வலி உண்டா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், சோடாவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.