ஸ்பிரிங் ரெண்டு இருந்தா போதுமா?



இந்த மலரில் காதலைப் பற்றியும் தேசத்தைப் பற்றியும் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். நம்மில் பலர் பஸ் ஸ்டாப் வரைக்குமாவது சைக்கிள் மிதித்து வருகிறவர்கள்தானே!

நம் ஸ்டாண்டில் இப்போது ஒரு ரக சைக்கிள் பெருகிவிட்டது. முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங், சீட்டுக்குக் கீழே இன்னொரு தடித்த ஸ்பிரிங், பார்க்க மோட்டார் சைக்கிள் மாதிரி. ‘டபுள் ஷாக்கர்’ என்று பெருமையாகச் சொல்கிறோம். இதை நம் கரிசக்காட்டுக்காரர்களிடம் விற்பது கண்ணைக் கட்டி விற்பது என்பது என் கருத்து. ஸ்பிரிங்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. அசல் எது, நகல் எது என்று தெரிந்தால்தான் இது புரியும். அதனால் அசலில் ரெண்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒன்று ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் என்டூரோ, 2020-ம் ஆண்டு மாடலாக வந்த வடிவம். இன்னொன்று சாண்டா க்ரூஸ் கம்பெனியின் நோமேட், 2022-ல் வந்த ஆறாவது தலைமுறை. ரெண்டுமே கலிபோர்னியா கம்பெனிகள். மேல்ரகம் வாங்கினால் பல லட்சம் ரூபாய் ஆகும். ரெண்டிலும் சக்கரம் மேலே கீழே போய் வருகிற தூரம் 170 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைச்சல். இவ்வளவு தூரம் எதற்கு? மலை உச்சியிலிருந்து பாறையும் வேருமாகக் கிடக்கிற பாதையில் வேகமாக இறங்குவதற்கு.

இந்த வகைச் சைக்கிள் பிறந்த கதையைக் கேட்டால் நமக்கே ஆசையாக இருக்கும். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்துப் பையன்கள், பழைய ஸ்வின் சைக்கிள்களைக் குப்பை விலைக்கு வாங்கி, மலைப்பாதையில் இறக்கி ஓட்டினார்கள். பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கிற ஹப் அவற்றில் இருந்தது. ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் சூட்டில் எரிந்து புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 1976-ல் அங்கே நடத்த ஆரம்பித்த பந்தயத்துக்கு அதனாலேயே ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைப்பது, என்று பேர் வந்தது. ஆக, பழைய கனத்த சைக்கிளைக் கழற்றி மாட்டிய சிறுசுகளின் கை வேலையில் தொடங்கியதுதான் இந்த லட்ச ரூபாய்ச் சரக்கு.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன். ரெண்டையும் நான் ஓட்டியதில்லை. படத்தைப் பார்த்து அட்டையில் வெட்டி, மூட்டுகளில் குண்டூசி குத்தி, அசைத்துப் பார்த்தேன். ரெண்டுக்கும் அடிப்படை நாம் படிக்கிற ஃபோர் பார் மெக்கானிசம்தான்! பரீட்சைக்குப் படித்து மறந்துவிடுகிற அதே பாடம். என்டூரோவில் பின் அச்சுக்குச் சற்று முன்னால், சங்கிலிப் பக்கத்துக் கம்பியில் ஒரு மூட்டு இருக்கிறது. ஹோர்ஸ்ட் லைட்னர் என்ற ஆஸ்திரியாக்காரரின் யோசனை அது. ஸ்பெஷலைஸ்டு 1998-ல் அந்த உரிமையை விலைக்கு வாங்கியது. நோமேடில் பின் முக்கோணம் முழுசாக இறுகிய ஒரே துண்டு. அதை ரெண்டு குட்டை இணைப்புகள் முன் ஃபிரேமோடு பிடித்திருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் திரும்புகின்றன. அவுட்லேண்ட் என்ற சிறிய கம்பெனியிலிருந்து சாண்டா க்ரூஸுக்கு வந்தது இந்த முறை.

இத்தனை மூட்டு எதற்கு? பெடலை மிதிக்கும்போது உடம்பு ஏறி இறங்குகிறது. சங்கிலி பின் சக்கரத்தை இழுக்கிறது. மூட்டு தப்பான இடத்தில் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் அமுங்கி எழும். நம் காலின் பலம் சாலைக்குப் போகாமல் ஸ்பிரிங்குக்குப் போய்ச் சூடாகி வீணாகும். மூட்டைச் சரியான இடத்தில் வைத்தால் சங்கிலி இழுப்பே அந்த அமுங்கலை எதிர்த்து நிற்கும். ரெண்டு கம்பெனிக்கும் போட்டியே இதில்தான்.

எனக்கு என்டூரோ பக்கம்தான் மனசு. கல்லில் மோதும்போது அதன் பின் சக்கரம் மேலே போவதோடு சற்றுப் பின்னாலும் விலகிக் கொடுக்கிறது. முன்னும் பின்னும் 29 அங்குலச் சக்கரம், குழியில் விழாமல் தாண்டும். நோமேடில் முன்னால் 29, பின்னால் 27.5. வளைவில் சுருக்காகத் திரும்ப அது நல்லது. நம்ம பக்கத்தில் அப்படி வளைந்து இறங்க மலை எங்கே இருக்கிறது? கண்மாய்க் கரை ஒன்றுதான் மேடு!

இந்த ரெண்டுக்கும் இடையில் இருப்பது நூலளவு வித்தியாசம். அந்த ரெண்டுக்கும் நம் டபுள் ஷாக்கருக்கும் இடையில் இருப்பதோ மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அசலில் ஸ்பிரிங்கோடு டாம்பர் இருக்கிறது. எண்ணெய் சின்னத் துளை வழியாகப் போய்த் துள்ளலை அடக்கும். நகலில் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான், அமுங்கினால் துள்ளும். எண்ணெய் ஒழுகிப்போன ஷாக் அப்சார்பரோடு ஓடுகிற டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அசலில் மூட்டுக்குப் பேரிங். நகலில் ஒரு போல்ட்டும் நைலான் புஷ்ஷும். புழுதி ஏறினால் சீக்கிரமே தேய்ந்து, பின் சக்கரம் பக்கவாட்டில் ஆட்டம் காணும். என்டூரோ, நோமேட் எல்லாம் ஏறக்குறைய 15 கிலோ எடை. நகல் அதைவிடக் கனம்.

இது வெறும் ரசனைப் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பையன் பிடித்த பிடிவாதத்தில் கடன் வாங்கி ஒன்று வாங்கினார்கள். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பது வேண்டாம். பின் முக்கோணம் மேலும் கீழும் ஆடுவதால் அதில் கேரியர் வைக்க முடியவில்லை. தண்ணீர்க் குடம் இல்லை, புல்லுக்கட்டு இல்லை, பின்னால் தங்கச்சியை ஏற்றிப் பள்ளிக்கூடம் போக வழியில்லை. வருஷம் திரும்புவதற்குள் புஷ் தேய்ந்து, மாற்றுச் சாமான் கிடைக்காமல், இப்போது ஆட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. கடன் மட்டும் சாயாமல் நிற்கிறது.

பரளச்சி மண் சைக்கிளிடம் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, சுமை தாங்க வேண்டும். ரெண்டு, மழை பெய்தால் மட்கார்டுக்குள் கரிசல் மண் அப்பிச் சக்கரம் இறுகிவிடும். குச்சியால் நோண்டி நோண்டி வருகிறவர்களை ஐப்பசி கார்த்திகையில் பார்க்கலாம். எனவே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் வேண்டும். மூன்று, சீமைக் கருவேல முள். இதுதான் பெரிய எதிரி. ஊரில் பஞ்சர் ஒட்டுகிற அண்ணாச்சி ஒருநாள் என்னிடம் கேட்டார்: “ஏப்பா, பெரிய படிப்புப் படிக்கிற, ஸ்பிரிங் வச்சா முள்ளு குத்தாதா?” எந்த கம்பெனி எஞ்சினியரும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதல் கேள்விக்கு நம் பழைய ராட் பிரேக் சைக்கிள் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய கம்பெனி. அதன் ஹெர்குலஸில் எங்கள் அப்பா கரிமூட்டை ஏற்றிப் போயிருக்கிறார். இந்த ரகத்தில் முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40. சும்மா வைக்கவில்லை, பாரம் பின்னால்தான் உட்காரும் என்று கணக்குப் போட்டு வைத்தது. ஃபோர்க் சாய்ந்து வளைந்திருப்பது குலுக்கலைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சத்தைச் சீட்டுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். ஆனால் இந்த ரகத்தை ‘தாத்தா வண்டி’ என்று கேலி செய்து ஒதுக்குகிறோம். அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்தியது!

அந்தப் பெரிய சைக்கிள்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய சங்கதி ஸ்பிரிங் இல்லை, டயர். ட்யூப் இல்லாத அகல டயருக்குள் ரப்பர் பால் கலந்த ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் காற்றோடு சேர்ந்து அதுவும் ஓட்டைக்கு ஓடிவந்து அங்கேயே உறைந்து அடைத்துவிடும். சில மாதங்களில் வற்றிவிடும், திரும்ப ஊற்ற வேண்டும், அது ஒரு செலவுதான். ஆனாலும் காட்டுப்பாதையில் ரெண்டு மைல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு அந்தச் செலவு பெரிசாகத் தெரியாது. டயர் அகலமாக இருந்தால் காற்றைக் குறைத்து வைத்து ஓட்டலாம். அதுவே பாதிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். அதற்கு மூட்டும் வேண்டாம், புஷ்ஷும் வேண்டாம்.

இனி நம் துறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை வெளியில் காசு கொடுத்து வாங்கி, பெயிண்ட் அடித்து வைக்கிற வழக்கம் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதில் இதைச் செய்து பார்ப்போமே. பழைய 28 அங்குல ரிம்மில் டயர் உட்காருகிற விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போது கடைகளில் கிடைக்கிற 29 அங்குல ரிம்முக்கு 622 மில்லிமீட்டர். அகல டயர் போட்டால் வெளிவிட்டம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது, பழைய ஃபிரேமில் இந்தச் சக்கரம் உயரக் கணக்கில் உட்காரும். அகலத்துக்குத்தான் வேலை இருக்கிறது. பின் கவையை அகட்டி வெல்டு வைக்க வேண்டும், புது ஃபோர்க் வேண்டும், ராட் பிரேக் பொருந்தாது, வேறு பிரேக் பார்க்க வேண்டும். மட்கார்டைத் தூக்கி வைக்க வேண்டும். கேரியர் அப்படியே இருக்கட்டும். லேத்தும் வெல்டிங் செட்டும் நம் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கின்றன. கோட்டம் எடுத்துத் தர அண்ணாச்சி சம்மதித்துவிட்டார்.

நாலு பேர் சேர்ந்தால் போதும். பழைய ஃபிரேம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டுக் கொண்டுவருவது என் பொறுப்பு.

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், பரளச்சி