ஏழை வீட்டின் ஜூன் மாதம்



நம் சபைகளில் ஏழைகளுக்கென்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி டிசம்பரில் செலவாகிறது. ஆராதனை முடிந்ததும் ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். விதவைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து சேலையையும் அரிசிப் பையையும் வாங்கிக்கொண்டு, கொடுத்தவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்புவார்கள். கொடுக்கிறவர்கள் மனப்பூர்வமாகத்தான் கொடுக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த விதவையின் வீட்டில் ஆண்டிலேயே கடினமான மாதம் எது என்று நம் சேகரக் கமிட்டியில் கேட்டால், பதில் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அந்த மாதம் ஊருக்கு ஊர் மாறும். தூத்துக்குடி உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே கூலி கிடையாது. அந்த மாதங்களுக்காக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதை வைத்து எத்தனை வாரம் ஓட்ட முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் கூலிகளின் வீட்டில் அது முடிகிற நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். விவசாயக் கூலிகளுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் இடையில் உள்ள வெறும் வாரங்கள் பாரம்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு கட்டடத் தொழிலாளியின் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். மூத்தவளுக்கு ப்ளஸ் ஒன் சேர்க்கை, இளையவனுக்குப் பையும் செருப்பும், வேனுக்கு முன்பணம். அம்மாவின் காதில் தோடு இருந்த துளையில் ஈர்க்குச்சி இருக்கும். தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கும். வாரா வாரம் குழுக் கடன் தவணை உண்டு. வசூலுக்கு வருகிறவர் பணம் கைக்கு வரும்வரை திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார். அவரை அனுப்பிவைக்கத் தெருக்கோடியில் வட்டிக்கு வாங்குவார்கள். ஆறு மாதம் கழித்து நாம் சேலை கொடுக்கும்போது, அந்த ஜூனில் வாங்கிய கடனுக்குத்தான் அந்த அம்மா வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

ஏழைகளுக்கான ஊழியத்தைத் திட்டமிட விரும்பும் சபை முதலில் தன் ஊரின் இந்த நாட்காட்டியை எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பண்டிகை நாட்காட்டி நம் கையில் இருக்கிறது. எந்த மாதம் கூலி இல்லை, எந்த மாதம் செலவு குவிகிறது, எந்த மாதம் நகை அடகுக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பணத்தை எப்போது செலவிட வேண்டும் என்பதில் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அந்தத் தாளை யார் எழுதுவது? அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அன்றாட விசாரிப்பில் விடப்பட்டவர்கள் கிரேக்க மொழி பேசிய விதவைகள். முறுமுறுப்பு எழுந்ததும் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய பந்தி தவறிப்போனதோ, அவர்களுடைய பக்கத்து மனிதர்களிடமே பந்தியை ஒப்படைத்திருக்கிறது எருசலேம் சபை. நம் ஏழைகள் நிதிக் குழுக்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் வங்கி அதிகாரியும் கடைக்காரரும் இருக்கிறார்கள். கணக்கு எழுத அவர்கள் தேவை. ஆனால் அந்தக் குழுவில் பீடி சுற்றுகிற ஒரு அக்காவும், நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மாவும் இல்லையென்றால், அந்தக் குழு கேள்விப்பட்டதை வைத்துத்தான் முடிவெடுக்கும். சாதி பிரித்து உட்காரும் வழக்கம் இன்னும் ஒழியாத ஊர்களில் இதன் அவசரம் இருமடங்கு. அடுத்த தெருவுக்கு ஒரு தடவைகூடப் போகாதவர் அந்தத் தெருவின் பட்டியலைத் தயாரிக்கக் கூடாது.

நேரில் போவதற்கு இன்றுவரை கத்தோலிக்கரின் வின்சென்ட் தே பவுல் சபையின் முறையைவிடச் சிறந்த ஒன்றை நான் காணவில்லை. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் தொடங்கியது அது. இருவர் இருவராக வீட்டுக்குப் போவார்கள். போய்க் கேட்பார்கள், திரும்பி வந்து கூட்டத்தில் சொல்வார்கள். உதவி அதற்குப் பிறகு. இருவராகப் போவதால் ஒருவருடைய விருப்புவெறுப்பு தீர்ப்பாகிவிடாது. தனியாக இருக்கும் பெண்ணுக்கும் ஊர்ப்பேச்சு வராது. வீட்டில் கேட்டது கூட்டத்தைத் தாண்டக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் கடன் ஞாயிறு காலையில் சபை முழுவதும் பரவுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கடனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் தீக்குளித்தது. தாயும் தகப்பனும் இரண்டு சிறு குழந்தைகளும். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதல் இந்த மாநிலத்தில் இருக்கிறது. சட்டம் இருந்தும் அவர்கள் பிழைக்கவில்லை. கோவில்கள் நிறைந்த, நம் மிஷனெரிகள் வந்து இருநூறு ஆண்டுகள் கடந்த மாவட்டம் அது. எந்த மதத்தவராக இருந்தாலும், வட்டிக்காரரிடம் போகும் முன் வந்து நிற்க ஒரு வாசல் ஊரில் இருக்க வேண்டாமா?

ஜான் வெஸ்லி 1746இல் லண்டனில் அப்படி ஒரு வாசலைத் திறந்தார். நண்பர்களிடம் கேட்டுத் திரட்டிய சிறு தொகையைக் கடன் நிதியாக வைத்து, ஒருவருக்கு அதிகபட்சம் 20 ஷில்லிங், மூன்று மாதத்தில் திருப்பித் தர வேண்டும் என்று விதி செய்தார். ஒரே ஆண்டில் 250 பேர் அதனால் பயன்பெற்றார்கள். ஒரே பணம் சுற்றிச் சுற்றி வந்ததால்தான் அத்தனை பேருக்கு எட்டியது. நம் சேகரங்களில் பெண்கள் ஐக்கிய சங்கம் இதை நடத்த முடியும். மே கடைசியில் வட்டியில்லாமல் கொடுத்து, தீபாவளிக்கு முன் சிறு தவணைகளாகத் திரும்ப வாங்கலாம். திரும்பாத தொகை கொஞ்சம் இருக்கும். அதை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிட வேண்டும். அடகுக் கடையில் கிடக்கும் நகையை மீட்டு, குறைந்த வட்டிக்குக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ மாற்றி வைக்க உதவினாலே பல வீடுகளில் மூச்சு வரும்.

அரசின் கதவுகளும் நம் ஏழைகளில் பலருக்குத் திறக்கவில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அதற்கு வருமானச் சான்று வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். விதவை உதவித்தொகை இருக்கிறது. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறு பெயர் என்பதற்காகவே இவற்றை இழந்தவர்கள் ஒவ்வொரு சபையிலும் இருப்பார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதித் தகுதியை இழந்ததும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கூடவே போய் வரும் இரண்டு வாலிபர்கள், ஆண்டு முழுவதும் நாம் கொடுக்கும் அரிசியைவிட அதிகப் பணத்தை ஏழை வீடுகளுக்குக் கொண்டுவர முடியும். வாலிபர் சங்கத்துக்கு இதைவிட நல்ல ஊழியம் எனக்குத் தோன்றவில்லை.

வெளிநாட்டுப் பணம் வரட்டும் என்று காத்திருக்கும் காலம் முடிந்தது. அந்நியப் பங்களிப்புச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒரு அமைப்பு பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. திருமண்டலம் வாங்கி நமக்குப் பிரித்துத் தரும் என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை. உள்ளூர்க் காணிக்கையை நம்புவதே நல்லது. வரவுசெலவுத் திட்டத்தில் ஏழைகளுக்கென்று தனித் தலைப்பும், காணிக்கையில் நிலையான ஒரு பங்கும் வேண்டும். அசனத்துக்கும் கோபுர வர்ணத்துக்கும் எடுத்தது போக மிஞ்சியதைக் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல், எருசலேமின் ஏழைகளுக்கான பணத்தில் ஒருவரும் குறைசொல்லாதபடிக்குத் தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். நம் நிதியிலும் இரண்டு கையொப்பம், ஆண்டுக்கொரு தணிக்கை, வாங்கியவர் பெயரில்லாமல் தொகை மட்டும் சபைக்கு அறிவிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். சபைத் தேர்தல் நடக்கிற மாதத்தில் புதிதாக எந்த உதவியும் தொடங்கக் கூடாது. ஆராதனைக்கு வருகிறாரா, ஞானஸ்நானம் பெற்றவரா என்ற கேள்வியும் உதவிக்கு நிபந்தனை ஆகக் கூடாது; பசிக்கிறவரிடம் அதைக் கேட்பது சுவிசேஷத்துக்கே அவமானம்.

உடன் ஊழியர்களே, அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் பெரும்பாலான சேகரங்களில் இன்னும் முடிவாகவில்லை. அது மேசைக்கு வரும் முன், உங்கள் ஊரில் கூலி நிற்கும் மாதங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏழைகள் நிதிக் குழுவில் ஏழைகளில் இருவரையாவது உறுப்பினராக்குங்கள். டிசம்பர் சேலைக்கான தொகையில் பாதியையாவது மே மாதத்துக்கு மாற்றுங்கள். செய்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். மற்றச் சேகரங்களுக்குப் பயன்படும்படி வெளியிடுவோம்.

— ஆசிரியர்