டிவிடெண்ட் வந்தா லாபமா?

மியூச்சுவல் ஃபண்டில் "டிவிடெண்ட்" என்று ஒரு ஆப்ஷன் இருந்தது தெரியும்தானே? ஆப்ஷன் இப்போதும் இருக்கிறது, பெயர்தான் போய்விட்டது. 2021 ஏப்ரல் 1 முதல் செபி அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் "வருமானப் பகிர்வும் மூலதனத்தைத் திரும்ப எடுத்தலும்". சுருக்கமாக ஐ.டி.சி.டபிள்யூ. வாயில் நுழையாத பெயர்தான்! ஆனாலும் என்னைக் கேட்டால் செபி செய்த உருப்படியான வேலைகளில் இதுவும் ஒன்று.

சின்னக் கணக்கு போடுவோம். உங்களிடம் 1,000 யூனிட். என்.ஏ.வி. 50 ரூபாய். மொத்தம் 50,000. யூனிட்டுக்கு 5 ரூபாய் டிவிடெண்ட் தருகிறார்கள். கையில் 5,000 வந்தாச்சு, சந்தோஷம். ஆனால் அன்றைக்கே என்.ஏ.வி. 45 ஆக இறங்கிவிடும். மிச்சம் 45,000. கூட்டிப் பாருங்க, அதே 50,000! இடது பாக்கெட்டில் இருந்தது வலது பாக்கெட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்றுதான் 50 ரூபாய்க்கு வாங்கியவர் கதை இன்னும் மோசம். அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. அவர் போட்ட பணமே 5 ரூபாயாகத் திரும்பி வருகிறது. இதில் கொடுமை என்னவென்றால், 2020 ஏப்ரலில் இருந்து இந்தப் பணத்தை முதலீட்டாளரின் வருமானத்தோடு சேர்த்து வரி போடுகிறார்கள். சொந்தப் பணத்தை வாங்கிக்கொள்ள வரியா என்று கேட்கத் தோன்றுகிறதா, இல்லையா?

"ரிடையர் ஆனவர்களுக்கு மாசாமாசம் பணம் வேணுமே" என்பீர்கள். நியாயம்தான். அதற்கு குரோத் ஆப்ஷனில் போட்டு, எஸ்.டபிள்யூ.பி. மூலம் தேவையானதை எடுக்கலாம். அப்போது எடுக்கும் தொகையில் லாபப் பகுதிக்கு மட்டும்தான் வரிக் கணக்கு. எவ்வளவு, எப்போது என்பதும் நம் கையில். டிவிடெண்டோ ஃபண்ட் கம்பெனி கொடுத்தால்தான் உண்டு, உத்தரவாதம் கிடையாது.

எனக்கு ஒரே குறை, அந்தச் சுருக்கப் பெயர். "மூலதனத்தைத் திரும்ப எடுத்தல்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, அதை நாலு எழுத்துக்குள் ஒளித்துவிட்டார்கள். பேச்சு வழக்கில் பலரும் இன்னமும் டிவிடெண்ட் என்றே சொல்கிறார்கள். கேட்பவருக்கு போனஸ் மாதிரிதான் கேட்கும்.

அதனால் நண்பர்களே, உங்க வீட்டுப் பெரியவர்களின் கணக்கு அறிக்கையை ஒருமுறை வாங்கிப் பாருங்க. வந்த தொகையில் வருமானம் எவ்வளவு, மூலதனம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டவேண்டும் என்பது செபி விதி. அந்த இரண்டாவது எண்ணை அவர்களுக்குக் காட்டுங்க. மிச்சத்தை அவர்களே புரிந்துகொள்வார்கள் :-)