வட்டம் போதாது, யார்டு வேண்டும்

ஓய்வு பெற்றபின் மாடி அறையில் மாதிரி ரயில் அமைத்தேன். வழக்கம்போல வட்டப் பாதைதான். பேரன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "தாத்தா, இது எங்கேயும் போகலையே!" என்று எழுந்து போய்விட்டான்.

அவன் கேட்டது நியாயம். தண்டையார்பேட்டை யார்டில் நான் பார்த்த ரயில் வேலை, பிரிப்பதும் சேர்ப்பதும்தான்.

வட்டத்தைக் கழற்றிவிட்டு, இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த 'இங்கிள்நுக்' அமைப்பைப் போட்டேன். ஒரு பலகை போதும். மூன்று சைடிங், ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மொத்தம் 8 வேகன். சீட்டுக் குலுக்கி 5 எடுத்து, அதே வரிசையில் ஷண்டிங் செய்து கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் சாத்தியம்! இப்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் பேரன் வருவதில்லை.

பிள்ளைகளுக்குப் பளபளக்கும் எக்ஸ்பிரஸைவிட, அழுக்கு வேகன்கள் நிற்கும் யார்டே மேல் என்பேன். இன்று சரக்கு பெரும்பாலும் முழு ரேக்காகவே போகிறது. வேகன்களுக்கு நடுவே குனிந்து, உயிரைப் பணயம் வைத்துக் கப்ளிங் மாட்டியவர்களை யார் நினைக்கிறார்கள்?

பாயிண்ட் அருகே கொடி பிடித்த ஒரு சிறு பொம்மையை நிறுத்தியிருக்கிறேன். "இவர் யார் தாத்தா?" என்றான் பேரன். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.