கால்வாய்க் கரையையும் காருக்கே கொடுப்பதா?

பெங்களூரின் மழைநீர் வடிகால்களான ராஜகால்வாய்களின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த நிலத்தில் 300 கிலோமீட்டருக்குச் சாலை போடுவது என்ற முடிவு, 2025-26 கர்நாடக மாநில பட்ஜெட்டில் 3,000 கோடி ரூபாய்க் கணக்கோடு வந்தபோதே ஈஜிபுரா, விவேக்நகர், கோரமங்களா பக்கத்தில் பலருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது. அதன்பின் எழுந்த எந்த ஆட்சேபமும் மேலே இருப்பவர்களின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. இது தவறான முடிவு. ஈஜிபுரா அமைந்த பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை, பிறகு திருத்தவே முடியாத தவறு.

பள்ளத்தாக்கு என்றால் ஊட்டியும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்த பெங்களூருக்கும் பள்ளத்தாக்குகள் உண்டு. இங்கே பெய்யும் மழை ஹெப்பால், விருஷபாவதி, கோரமங்களா–சல்லகட்டா என்று முக்கியமாக மூன்று வழிகளில் பிரிந்து இறங்குகிறது. மூன்றாவதுதான் ஈஜிபுராவின் பள்ளத்தாக்கு. மெஜஸ்டிக் பக்கம் தொடங்கி, சாந்திநகர் வழியாகக் கோரமங்களாவைத் தொட்டு, ஈஜிபுராவின் ஓரமாகவே பெல்லந்தூர் ஏரிக்குப் போகும் கால்வாயை அதிகாரிகள் கே-100 என்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது மோரி.

அந்த மோரியின் கரைக்கு ஒரு சிறப்பு உண்டு. நகரத்தின் நடுவிலிருந்து பெல்லந்தூர் வரை, மோட்டார் வண்டியோடு மல்லுக்கட்டாமல் போகக்கூடிய நீண்ட பாதையாக ஆக வேறு நிலம் இந்தப் பகுதியில் மிச்சமில்லை. சாலைகள் கால்வாயைக் குறுக்கே தாண்டுகின்றன. கூடவே ஓடுபவை குறைவு. தண்ணீர் தானாக இறங்கும் அளவுக்குத்தான் சரிவு என்பதால் மிதிப்பவருக்கு மூச்சு வாங்காது. பாலங்களின் அருகில் கொஞ்சம் மெனக்கெட்டால் சிக்னலுக்காக நிற்கவும் வேண்டாம். கடற்கரைக் காற்று இங்கே வீசாதுதான். ஆனால் கழிவுநீரைத் தனியே திருப்பிவிட்டு இரு கரையிலும் மரம் வைத்தால், பிள்ளைகளைத் துணிந்து அனுப்பக்கூடிய ஒரே சைக்கிள் பாதை இதுவாகத்தான் இருக்கும்.

இது யாரோ கண்ட பகற்கனவும் அல்ல. கே-100 கரையைச் சீராக்கி, சாக்கடையைப் பிரித்து, நடைபாதை அமைக்கும் வேலை 2021இல் மாநகராட்சியின் பெயரிலேயே தொடங்கியது. நூறு கோடிக்கு மேல் செலவு பிடிக்கும் திட்டம் அது. ஒரு கால்வாயின் கரையில் மனிதரை நடக்க வைத்துக் காட்டுகிறோம் என்று சொன்ன அதே நிர்வாகம், நாலே வருடத்தில் கால்வாய்க் கரைகளெல்லாம் கார் ஓடத்தான் என்ற முடிவுக்கு எப்படி வந்தது? இதற்கு ஒரு வரி விளக்கமாவது தர வேண்டாமா?

ஈஜிபுராவில் சைக்கிள் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள், காலை ஆறு மணிக்குச் சோனி வேர்ல்டு சிக்னல் பக்கம் வந்து பார்க்கட்டும். இரவு டியூட்டி முடிந்த செக்யூரிட்டிக்காரர் காலி டிபன் டப்பாவை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, டேங்கர் லாரிக்கும் கம்பெனி கேபுக்கும் நடுவே, விளக்கில்லாத வண்டியை மிதித்துக்கொண்டு போவார். பேப்பர் போடுகிற பையன் எதிர்த் திசையில் வருவான். சரியான திசையில் வந்தால் யு-டர்னுக்கே ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். இன்னொரு கூட்டம் ஞாயிறு விடியலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு 60 கிலோமீட்டர் தள்ளி நந்தி மலைக்குப் போகிறது. அவர்கள் தேடுவதும் ஹாரன் இல்லாத ஒரு பாதையைத்தான். அதற்காக நெடுஞ்சாலை லாரிகளுக்கு நடுவே போய்வர வேண்டியிருக்கிறது.

ஆல்ப்ஸ் மலையில், இத்தாலியின் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில், ரெஷன் ஏரியிலிருந்து மெரானோ வரை அடிஜே ஆற்றை ஒட்டி 80 கிலோமீட்டர் போல ஒரு சைக்கிள் பாதை இறங்குகிறது. பெரும்பகுதியும் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே, கார் வராத பாதை. அங்கே 1990இல் மூடிய ரயிலை 2005இல் மறுபடி ஓடவிட்டார்கள். ரயிலில் மேலேறிச் சைக்கிளில் கீழே வருகிறவர்கள் பலர். அங்கே நிலத்துக்குப் பஞ்சமில்லை என்று தட்டிக்கழிப்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். நிலத்துக்குத் தட்டுப்பாடு உள்ள அந்தத் தீவில், 1990களிலிருந்து கால்வாய்களின் ஓரத்தில் வடிகாலுக்கென ஒதுக்கிய நிலத்திலேயே, பூங்காக்களை இணைத்து நடைக்கும் சைக்கிளுக்குமான பாதைகளைப் போட்டார்கள். இன்று அவற்றின் நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். இங்கேயும் அதே 300 கிலோமீட்டர், அதே வகை நிலம். அங்கே பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். இங்கே கார் வரிசையில் நிற்கப்போகிறது.

சாலை வந்தால் ஆக்கிரமிப்பு நிற்கும் என்பது ஒரு வாதம். சைக்கிள் பாதை வந்தாலும் நிற்கும். 2015 மாஸ்டர் பிளான் விதியிலேயே ஒதுக்கு நிலத்தில் சாலைக்கு இடமுண்டு என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால் நீரோட்டத்துக்குத் தடை வரக்கூடாது என்ற நிபந்தனையும் அந்த விதியோடு சேர்ந்ததே. பெரிய கால்வாய்க்கு நடுவிலிருந்து 50 மீட்டர் விடச் சொன்னது வெள்ளம் ஒதுங்க இடம் வேண்டும் என்பதற்காக. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஏரி, கால்வாய் ஓரங்களுக்கு இன்னும் கடுமையான அளவுகளை விதித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து பழைய அளவுக்கே கொண்டுவந்தது. அந்தப் பழைய அளவிலும் இப்போது தார் ஊற்றினால் மழைத்தண்ணீர் எங்கே போகும்?

எங்கே போகும் என்று இந்தப் பள்ளத்தாக்கு பலமுறை காட்டியிருக்கிறது. மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரி இருந்த இடம். சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமானது. ஸ்ரீநிவாகிலு ஏரிப் படுகையில் எழுந்த எஸ்.டி. பெட் லேஅவுட்டில் பெருமழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யெமலூர் பக்கம் ஐ.டி. ஊழியர்களை டிராக்டரில் ஏற்றிக் கரை சேர்த்ததை நாடே பார்த்தது. இங்கிருந்து போகும் அழுக்குதான் தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது.

சாலை விஷயத்தில் நிர்வாகத்தின் வார்த்தையை நம்பலாமா? அதற்கு ஈஜிபுரா ஃப்ளைஓவரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நீளம் இரண்டரைக் கிலோமீட்டர்தான். 2017இல் தொடங்கி 2019இல் முடிந்திருக்க வேண்டியது. வேலை பாதியில் நின்று, 2022இல் ஒப்பந்தம் ரத்தாகி, 2023 கடைசியில்தான் வேறு ஒப்பந்ததாரர் கைக்குப் போனது. அத்தனை காலமும் தூண்களின் உச்சியில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நின்றன. கீழே தடுப்புத் தகரம் சாலையில் பாதியைத் தின்றது. தூசியில் கடைக்காரர்கள் வியாபாரம் இழந்தார்கள். கேந்திரிய சதன் வரை போக ஆட்டோக்காரர்கள் வாய்விட்டு மறுத்தார்கள். 2025 முழுக்கவும் தேதிமேல் தேதி சொன்னார்களே தவிர வேலை முடியவில்லை. இரண்டரைக் கிலோமீட்டரை எட்டு வருடத்தில் முடிக்கத் தெரியாதவர்கள் 300 கிலோமீட்டருக்குக் கால்வாயோரம் குழி தோண்டப்போகிறார்கள்.

சைக்கிள் பாதையில் இவர்கள் காட்டிய அக்கறையும் தெரிந்ததே. ஜெயநகரில் போட்ட பாதைகள் பார்க்கிங் ஆயின. 2020இல், கொரோனா காலத்தில், சில்க் போர்டிலிருந்து அவுட்டர் ரிங் ரோடு நெடுக ஒரு சைக்கிள் தடம் ஒதுக்கப்பட்டது. பிளாஸ்டிக் குச்சிகளைப் பஸ்ஸும் காரும் இடித்துச் சாய்த்தன. சாய்ந்ததை நிமிர்த்த ஆளில்லை. கடைசியில், சைக்கிள்காரர்கள் வரவில்லையே என்று அவர்கள்மீதே பழி.

இதே ஈஜிபுராவில் 2013 ஜனவரியில், ஏழைகளுக்கான குடியிருப்பு இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் வசித்த கொட்டகைகளை இடித்துத் தள்ளினார்கள். அவர்களில் தமிழர் நிறைய. பழைய கட்டடம் பாழடைந்துவிட்டது, புதிய வீடு வரும் என்றார்கள். பத்து வருடம் போயும் வீடு வரவில்லை. ஈஜிபுராக்காரர்களுக்கு வாக்குறுதி கேட்டாலே பயம் வருவது இதனால்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மறக்கப்படுகிறது. மாநகராட்சி மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காததால், கால்வாயோரச் சாலை அறிவிக்கப்பட்ட நாளில், தெருக்காரர்கள் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு கார்ப்பரேட்டர்கூட இந்த நகரத்தில் இல்லை. தூர் வாரும் வண்டி போகவும் மனிதர் போகவும் எவ்வளவு அகலம் போதும் என்பதைப் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். கேட்க மனமில்லை. மேசையில் வரைபடத்தைப் பரப்பி, காலியாகத் தெரிந்த நீல ஓரத்தில் கோடு கிழித்துவிட்டார்கள்.

கோரமங்களா பள்ளத்தாக்கின் கரை ஓரடிகூட இந்தக் கணக்கில் சேரக்கூடாது. கே-100 கரையில் தொடங்கிய நடைபாதை பெல்லந்தூர் வரை சைக்கிளுக்கும் சேர்த்து நீள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை உட்கார்ந்து பேசலாம். முதலில் சாலை முடிவைத் திரும்பப் பெறுங்கள். டெண்டர் மேல் டெண்டர் விட்டபின் வந்து வருத்தம் தெரிவிப்பதை ஈஜிபுரா ஏற்காது.