கருவிக்கும் ஒரு பாயிரம் வேண்டும்

நூலுக்கு முன்னே பாயிரம் வைத்தல் தமிழ் மரபு. நூலின் பெயர், அது நுதலிய பொருள், அதனைக் கேட்டற்கு உரியார், கேட்டலாற் பெறும் பயன் முதலிய எட்டுச் செய்திகளைச் சிறப்புப் பாயிரம் உரைத்தல் வேண்டுமென்று பவணந்தி முனிவர் தம் நன்னூலில் வகுத்துள்ளார். ஆசிரியனை நேரில் வினவ இயலாதவனும் நூலின் இயல்பை அறிந்துகொள்ள இஃது உதவும். இம்மரபு ஏட்டுச் சுவடிகளோடு கழிந்ததெனச் சிலர் கருதுவர். கணினித் தொழிலுக்கு அஃது இன்று முன்னினும் மிகுதியாக வேண்டப்படுகின்றது என்பதே எம் கருத்து.

இதுகாறும் மென்பொருட் கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதியோர், படிப்பவர் மனிதர் என்று கொண்டே எழுதினர். மனிதர்க்கு ஐயம் தோன்றின் அடுத்திருப்பாரைக் கேட்பர். கேட்டுக் குறையை நிரப்பிக்கொள்வர். இப்பொழுதோ, ‘ஏஜெண்டு’ எனப்படும் செயற்கை நுண்ணறிவுக் காரியஸ்தன் இடையே புகுந்துளது. நாம் இட்ட வேலையை ஏற்று, எக்கருவியை எடுப்பது, அதனுள் எதனை இடுவது என்பவற்றை அதுவே துணிகின்றது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொதுநெறியில், கருவியின் பெயர், அதன் செயலைப் பற்றிய விளக்கம், அது ஏற்கும் உள்ளீடுகளின் வடிவம் ஆகியவை அக்காரியஸ்தனுக்கு அறிவிக்கப்படுகின்றன. கருவியின் உட்புறம் அதற்குப் பெரும்பாலும் புலனாகாது. அவ்வறிவிப்பே அதற்குக் கண். ஆதலின் குறிப்புக் குன்றின் செயலும் பிறழும்.

இதற்கு நம் நாஞ்சில் நாட்டிலேயே எடுத்துக்காட்டுக் கிடைக்கின்றது. 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர் ஆட்சி வழியில் வந்தது இந்நாடு; ஆகவே இங்குள்ள பழைய பத்திரங்களிற் கொல்லம் ஆண்டு காணப்படும். கொல்லம் 1100 என்பது கிறிஸ்து ஆண்டு 1924–25 ஆகும். 1924இல் திருவிதாங்கூரை அலைத்த பெருவெள்ளத்தைத் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று முதியோர் வழங்கியதும், அது கொல்லம் 1099 ஆதல் பற்றியே.

இனி, பழம்பத்திரங்களைக் கால முறையில் அடுக்கும் கருவியொன்றை ஒருவர் இயற்றி, அதன் குறிப்பில் ‘ஆண்டு: எண்’ என்று மாத்திரம் எழுதினார் என்று கொள்வோம். இவ்வூர்க் குமாஸ்தா அதனைக் கண்டு மயங்கார். காரியஸ்தனோ 1100 என்பதைக் கிறிஸ்து ஆண்டாகவே பதித்துவிடலாம். 99 என்பதை 1999 ஆக்கிவிடலாம். இரண்டும் எண்களே ஆதலின், கருவி பிழையென்று மறுக்காது. பிழை ஓசையின்றிப் புகுந்து, என்றோ ஒருநாள் ஓர் ஏழைக் குடும்பத்தின் பாகப்பிரிவினை வழக்கிலே தலைகாட்டும். ‘கிறிஸ்து ஆண்டு நான்கு இலக்கத்தில் தருக; கொல்லம் ஆண்டாயின் மாதத்தோடு நோக்கி மாற்றித் தருக; மாதம் தெரியாவிடின் பதியாது உரியவரைக் கேட்க’ என்ற மூன்று தொடர்கள் இருந்திருப்பின் இத்தீங்கு நேராது.

தமிழ்ச் சொற்களை ஆளும் கருவிகளிலும் இந்நிலையே. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் யாது? இலக்கணம் கற்றார் மூன்றெழுத்து என்பர். யூனிக்கோடு முறையில் அதற்குக் குறியீடுகள் 5. அவற்றை யூடிஎஃப்-8 வடிவிற் சேமித்தால் பைட்டுகள் 15. பைத்தான் மொழியின் நீளம் காட்டும் செயற்கூறு 5 என்றே விடையிறுக்கும். முத்து அண்ணாமலை முதலியோர் இயற்றிய ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் நிரல்தொகுதி, சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருதலின், எண்ணுவார்க்கு 3 கிடைக்கும். ‘நீளத்தைத் தரும்’ என்று மட்டும் குறிப்பு எழுதுவோர் இம்மூன்றில் எதனைக் கருதினார்? காரியஸ்தன் தானறிந்த ஆங்கில வழக்கைக் கொண்டு ஊகிக்குமாயின், தமிழின் எழுத்துக்கணக்கே பிழைபடும்.

‘இவ்வியந்திரங்கள் நாள்தோறும் கூர்மையுறுகின்றன, குறிப்பின்றியும் தாமே உணர்ந்துகொள்ளும், நிரலையே படித்துப் பொருள் காணும்’ என்பார் உளர். நிரல், தான் யாது செய்கின்றது என்பதையே காட்டும். இயற்றியவன் கருத்து யாது, எவ்விடத்து அதனைக் கையாளலாகாது என்பவற்றை அது காட்டாது. மேலும், சில செயல்கள் மீட்டற்கு அரியன. அழித்த கோப்பையும் அனுப்பிய பணத்தையும் வைத்துப் பரிசோதனை நடத்தலாகாது. காரியஸ்தன் எத்துணை அறிவுடையதாயினும், சொல்லாததை உள்ளவாறு அறியும் ஆற்றல் எவ்வறிவுக்கும் இல்லை.

அற்றேல், பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தல் தக்கதோ எனின், அதுவும் தகாது. ஒரே வேளையில் அது கருத்திற் கொள்ளும் சொற்களுக்கு ஓர் அளவுண்டு. வேண்டாதவை மிகின் வேண்டியது மறையும். நன்னூலார் விலக்கிய பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய நான்கையும் நீக்கினாலே குறிப்புப் பெரிதும் செம்மையுறும். கருவி எதற்குரியது, எதற்கு ஆகாது, உள்ளீடு எவ்வளவையில், எவ்வடிவில், விடை எத்தன்மையது, பிழை நேரின் யாது செய்தல் வேண்டும், எச்செயல் மீளாதது — இவ்வைந்தும் ஓர் எடுத்துக்காட்டும் அமைதல் போதும். இங்ஙனம் எழுதிய குறிப்பு, புதிதாய்ப் பணியிற் சேரும் இளைஞனுக்கும் உதவும் என்பதை மறத்தலாகாது.

நம் மாவட்ட இளைஞர் பலர் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களிலும் மென்பொருட் பணியில் அமர்ந்துள்ளனர். அங்கே நிரல் எழுதுதலை உயர்ந்த தொழில் என்றும், குறிப்பு எழுதுதலைக் கடைநிலை வேலை என்றும் கொள்ளும் எண்ணம் இன்னும் நீங்கவில்லை. கணினி வகுப்பினர் தமிழாசிரியரின் பாடவேளையைப் பயனற்றதெனக் கருதுதலும் இவ்வெண்ணத்தின் வழிப்பட்டதே. ஐயமறச் சொல்லும் ஆற்றல் அவ்வகுப்பிலன்றி வேறெங்குப் பெறப்படும்? ஆகவே கல்லூரியார் ஒன்று செய்வாராக. மாணவர் இறுதியாண்டில் இயற்றும் ஒவ்வொரு மென்பொருளையும், அதன் குறிப்பை மாத்திரம் படித்து இயக்கிப் பார்க்கும் முன்பின் அறியாத ஒருவரிடமும், ஓர் ஏஜெண்டினிடமும் கொடுத்துச் சோதிப்பாராக. இருவரும் பிழையின்றி நடத்தினாலன்றி அதற்கு முழு மதிப்பெண் வழங்காதிருப்பாராக. கருவியை இயற்றியவனுக்கு அதனைத் தெளிவுற உரைத்தலும் கடனாம்.