எய்தவன் இருக்க காபியை நோவானேன்?

பல் டாக்டரிடம் போய்விட்டு வருகிற என் வயதுக்காரர்கள் பலரும் ஒரே சேதியோடுதான் திரும்புகிறார்கள். “காபியை நிறுத்தச் சொல்லிட்டார் சார்.” எதற்காம் என்று கேட்டால், “பல் மஞ்சளா இருக்காம்.” எழுபது வயதுப் பல் மஞ்சளாக இல்லாமல் மல்லிகை மொட்டு மாதிரியா இருக்கும்?

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். கறை வேறு, சொத்தை வேறு. காபியில் இருக்கும் பாலிஃபீனால் வகைச் சாயப் பொருள்கள் பல்லில் ஒட்டிக் கறையாகின்றன, உண்மைதான். டீயும் அதையே செய்யும். ஆனால் கறையால் பல் விழாது. போதாததற்கு, நாம் குடிப்பது பால் சேர்த்த காபி. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் அந்தச் சாயப் பொருள்களில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதால் கறை குறைகிறது. தவிர, வயதாக ஆக எனாமல் தேய்ந்து, உள்ளே இயற்கையாகவே மஞ்சளாக இருக்கும் டென்டின் வெளியே தெரிகிறது. அதற்கும் காபிக்கும் சம்பந்தமே இல்லை. இது தெரியாமல் கரியும் உப்பும் போட்டு அழுத்தித் தேய்க்கிறவர்கள் மிச்சமிருக்கிற எனாமலையும் தேய்த்து, மஞ்சளை இன்னும் கூட்டிக்கொள்கிறார்கள்.

“காபி அமிலமாச்சே?” என்பார்கள். ஆமாம். பால் சேர்க்காத காபியின் pH சுமார் 5. எனாமல் கரைய ஆரம்பிப்பது 5.5 வாக்கில். ஆனால் பால் சேர்ந்தால் அந்த அமிலத்தன்மை குறைந்துவிடுகிறது. பேரப்பிள்ளைகளுக்கு நாமே வாங்கித் தருகிறோமே, அந்தக் கோலா பானங்களின் pH 2.5 பக்கம். அதாவது காபியைவிட நூறு மடங்குக்கும் மேல் அமிலம். அந்த பாட்டிலைப் பார்த்து யாரும் பதறக் காணோம்.

அப்படியானால் குற்றவாளி யார்? டம்ளரின் அடியில் கரையாமல் கிடக்கிறதே, அதுதான். சர்க்கரை!

வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. சர்க்கரை உள்ளே போன சில நிமிடங்களில் பல்லின் மேற்பரப்பில் அமிலம் ஏறுகிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரைமணி நேரம் போல ஆகிறது. ஒரு காபியை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தால் ஒரு தாக்குதல். அதையே பேப்பர் படித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உறிஞ்சினால், உமிழ்நீருக்கு வேலை செய்ய இடைவெளியே கிடைக்காது.

இது இன்றைக்குக் கண்டுபிடித்ததும் இல்லை. 1940களில் ஸ்வீடனில் விபெஹோம் என்ற மனநலக் காப்பகத்து நோயாளிகளுக்கு விதவிதமாக இனிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் சம்மதத்தைக் கேட்காமல் செய்த அநியாயம் அது. ஆனால் கிடைத்த முடிவு தெளிவானது. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. இடையிடையே ஒட்டும் மிட்டாயைத் தின்றவர்களுக்கு மளமளவென்று கூடியது. அளவு மட்டுமல்ல, எத்தனை தடவை என்பதும் கணக்கு.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம். காபிக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு காபி என்றால் 32 கிராம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. காபியிலேயே 25ஐத் தாண்டியாயிற்று. கல்யாண வீட்டு ஜாங்கிரி இன்னும் கணக்கில் வரவில்லை!

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர், வயது 72. பி.பி. மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் உண்டு. நாளைக்கு ஐந்து காபி, கடைசியாகப் படுக்கும் முன் சர்க்கரை போட்ட பால். ஒரு கிளினிக்கில் அவருக்குக் காபியை நிறுத்தச் சொல்லி, ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு பல்லை வெளுத்தும் அனுப்பினார்கள். ஆறே மாதத்தில் இரண்டு பல், ஈறை ஒட்டிய இடத்தில் முறிந்தது. வெள்ளை வெளேரென்று முறிந்தது!

அவரிடம் யாரும் கேட்காத கேள்விகள் இரண்டு. ஒன்று, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? பி.பி.க்கும், மனச்சோர்வுக்கும், அலர்ஜிக்கும் தரும் பல மாத்திரைகள் வாயை வறட்டிவிடும். உமிழ்நீர் இல்லாவிட்டால் பல்லுக்குக் காவல் இல்லை. இரண்டு, படுக்கும் முன் என்ன குடிக்கிறீர்கள்? தூக்கத்தில் உமிழ்நீர் இன்னும் வற்றும். ராத்திரி முழுக்க அந்தச் சர்க்கரை அங்கேயே கிடக்கும். வயதானால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறது. வேருக்கு எனாமல் கவசம் கிடையாது, pH 6க்கு மேல் இருக்கும்போதே கரைய ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் சொன்னால் பில் போட முடியாது என்று நினைத்தார்களோ என்னவோ.

எல்லா டாக்டரையும் சொல்லவில்லை. பொறுமையாகக் கேட்டு, வாயைப் பார்த்து, சர்க்கரையைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாசலில் “பளிச் புன்னகை” போர்டு இருக்காது.

ஆகவே, டபராவைத் தூக்கிப் போட வேண்டாம். சர்க்கரையை வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறையுங்கள். குடித்து முடித்ததும் ஒரு வாய் தண்ணீர் விட்டுக் கொப்பளியுங்கள். காலையில் மட்டும் பல் தேய்க்கிற நம் பழக்கத்தோடு, ராத்திரி படுக்கும் முன்னும் ஃப்ளூரைடு பேஸ்ட் போட்டுத் தேயுங்கள். அதற்கப்புறம் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேஜை மேல் வையுங்கள்.